பதினொரு மணி மிஸ்டு கால்

எங்கள் வைட்ஃபீல்ட் குடியிருப்பின் கேட்டில் காவலுக்கு இருந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஆண்களுக்குத் தைத்த நீலச் சட்டையைப் புடவைமேல் போட்டிருப்பார். யார் வந்தாலும் நோட்டில் எழுதாமல் உள்ளே விடமாட்டார். என் தம்பியையே வெயிலில் நிற்க வைத்தவர்.

தினமும் பதினொரு மணிக்கு யாருக்கோ ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். உடனே ஒன்று திரும்பி வரும்.

“கால் ஃப்ரீதானேம்மா, பேசலாமே?” என்றேன் ஒருநாள்.

“பேசுனா ரெண்டு பேரும் அழுதுருவோம் சார். நானும் என் சிநேகிதியும் சின்னப் புள்ளைங்களா ஒரே லாரில கட்டட வேலைக்கு வந்தவங்க. மணி அடிச்சா நல்லா இருக்கோம்னு அர்த்தம். அது போதும்.”

போன மாதம் ஒருநாள் பதில் வரவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். ஸ்விட்ச் ஆஃப். கேட்டை விட்டு நகரவும் முடியாமல் வெளிறிப்போய் நின்றார். எனக்கும் அவரை விட்டுப் போக மனம் வரவில்லை.

அரை மணி கழித்து, ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தத் தோழியே மூச்சிரைக்க வந்து நின்றார்.

“காலையில போனு பக்கெட்டுல விழுந்துடுச்சுடீ. மணி அடிக்கலன்னா நீ பயந்துடுவியேன்னு ஓடியாந்தேன்.”

எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. காவல்கார அம்மா நோட்டைத் திறந்து தோழியின் பெயரை எழுதினார். எந்த வீட்டுக்கு என்ற கட்டம் வந்ததும் கொஞ்சம் யோசித்தார். பிறகு பெரிய எழுத்தில் எழுதினார்: ‘எனக்கு.’