பதினான்கு குறுக்கு நூல்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் எங்கள் கம்பெனியில் ஞானரத்தினம் அக்காவை யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். இருபத்திரண்டு வருடமாகத் துணியைச் சோதித்து பாஸ் போடுகிறவர். லென்ஸைத் துணிமேல் வைத்துக் குனிந்து நூல்களை எண்ணுவார். அங்குலத்துக்குக் குறுக்கு நூல் பதினான்கு இருக்க வேண்டும். குறைந்தால் முதலாளியே கெஞ்சினாலும் ரோல் திரும்பிப் போகும்.

சண்டைக்கு வருகிறவர்களிடம் லென்ஸை நீட்டுவார். “நான் சொல்லுதேன்னு நம்ப வேண்டாம். நீங்களே பாருங்க.”

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டேன். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஹாலந்தில் லேவன்ஹூக் என்றொரு துணி வியாபாரி இருந்தாராம். லென்ஸில் நூல் பார்த்துப் பழகியவர், அதைவிட நுட்பமான லென்ஸைத் தானே செய்து ஒரு துளித் தண்ணீரைப் பார்த்தார். உள்ளே உயிர்கள் நீந்தின. லண்டனில் இருந்த படித்தவர்கள் நம்பவில்லை. பாதிரியார் உட்பட எட்டுப் பேரைப் பார்க்க வைத்து, பார்த்ததை எழுதி வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்.

“அவியளும் நம்மள மாதிரி துணி பாத்தவியதான்” என்றார் அக்கா. என்ன பெருமை! எனக்குச் சிரிப்புதான் வந்தது.

போன மாதம் தறி ஓட்டும் சமுத்திரம் நெய்த ரோல்கள் இரண்டு அடுத்தடுத்துத் திரும்பின. இன்னொன்று திரும்பினால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூன்றாவதை எண்ணிய அக்கா, “பன்னெண்டு” என்றார்.

“மூணு வாட்டி எண்ணித்தான் கொண்டாந்தேன்க்கா” என்றான் சமுத்திரம்.

அக்கா என்னையும் கூட வேலை பார்க்கும் பாண்டிசெல்வியையும் சங்கையாவையும் கூப்பிட்டார். தனித்தனியாக எண்ணிச் சீட்டில் எழுதச் சொன்னார். சீட்டுகளை முகத்தருகே கொண்டுபோய்ப் படித்தார். மூன்றிலும் பதினான்கு.

தவறியது அக்காவின் கண்தான். கண் போனால் இந்த வேலை போகும். அவருக்கு வேறு ஆதரவும் இல்லை.

“பதினாலுன்னு எழுதிட்டு விடுங்கக்கா. நாங்க வெளிய சொல்ல மாட்டோம்” என்றார் சங்கையா.

“அப்ப முந்தி நான் திருப்பி அனுப்புன ரெண்டு ரோலு?”

அவற்றையும் கொண்டுவரச் சொன்னார். எண்ணினோம். இரண்டும் சரியாகவே இருந்தன.

அக்கா ரெஜிஸ்டரைத் திறந்தார். அதில், மூன்று ரோலும் சரி, தவறு என்னுடையது, எனக்குக் கண் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “ஏலே சமுத்திரம், ஒன்னைய ரெண்டு வாட்டி பொய்க்காரனாக்கிட்டேன். மன்னிச்சிரு” என்று சொல்லிவிட்டு, ரெஜிஸ்டரைத் தானே மேனேஜரிடம் எடுத்துப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அவர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்கிறேன். அன்று அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த இரண்டு ரோலைக் கேட்டிருக்கவே மாட்டேன்.