தலையணை என்றொரு மாவீரன்

பெயரைச் சரியாகக் கூப்பிட்டால் மனிதனின் முதுகு நிமிரும். இதை அவள் தினமும் கண்ணால் பார்ப்பவள். மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பெயர் வாசிப்பதுதான் அவள் வேலை. 'மைக் அக்கா' என்றால் வாசல் காவலாளியிலிருந்து கண் டாக்டர் வரை தெரியும். அட்டையிலுள்ள பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறப்பாள். மூன்று முறை கூப்பிடுவாள். பதில் இல்லையென்றால் அட்டை அடுக்கின் அடிக்குப் போய்விடும். மூன்றாவது அழைப்பிலாவது "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்துவிட்டால், ஆள் கழிப்பறையிலிருந்து ஓடி வந்தாலும் சரி, டாக்டர் பார்த்தே தீர வேண்டும்.

அப்படிப்பட்டவளின் கதைக்குள் வந்து சேர்ந்த மாவீரனின் பெயர் தலையணை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவளுடைய அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு ராஜ்ஜியமாகிவிடும். தட்டுகளை எடுத்ததும் மைக் அக்கா தன் கையால் வரைந்த வரைபடத்தை விரிப்பாள். கதையை நடத்துபவள் அவள். மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். இந்த ராஜ்ஜியத்துக்காக அவள் பேருந்தில் போகும்போதெல்லாம் யோசித்தாள். மலைகளுக்குப் பெயர் வைத்தாள். அரசிக்கு ஆழிநங்கை என்று பெயர் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

ஆட வந்தவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தான் லிப்ட் பழுதுபார்ப்பவர். பெயர் கேட்டதும் கொட்டாவி விட்டுக்கொண்டே "தலையணை" என்றார்.

"அத்தான், ஒரு வீரனுக்கு வைக்கிற பேரா இது?"

"வாரம் பூரா லிப்ட் குழிக்குள்ள நின்னுட்டு வந்தவன்கிட்ட கேட்டா, மனசுல எது இருக்கோ அதுதானே வரும்?"

"இடிமாறன்னு வைங்களேன். எவ்ளோ கம்பீரமா இருக்கு!"

"இடிமாறன்கிட்ட பேசவே பயமா இருக்கும்மா. தலையணைன்னா யாரும் வந்து மனசு விட்டுப் பேசுவாங்க."

கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி தன் மந்திரவாதிக்கு பேட்டரி என்று பெயர் வைத்தான். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்யும் தோழி, "எனக்கு ஒண்ணும் தோணல, அப்புறம் சொல்றேன்" என்றாள். தம்பி அவளுடைய பாத்திரத்துக்கான தாளில் 'அப்புறம்' என்றே எழுதிவிட்டான். அன்றிலிருந்து ராஜ்ஜியத்தின் தலைசிறந்த வில்லாளியின் பெயர் அதுதான்.

பேட்டரி சீக்கிரமே ஒரு பாழுங்கிணற்றில் விழுந்தான். செத்தானா இல்லையா, பகடை தரையில் விழுந்தது கணக்கா இல்லையா என்று ஒரே ரகளை. மைக் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இங்கயும் ஆஸ்பத்திரி சட்டம்தான். மூணு தடவை கூப்பிடுவேன். பதில் இல்லைன்னா முடிஞ்சுது" என்று அறிவித்தாள். கூப்பிட்டாள். தம்பி வாய் நிறைய பிஸ்கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தானே தவிர, பதில் சொல்லத் தோன்றவில்லை. பேட்டரியின் தாளை மடித்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டாள். அடுத்த வாரம் அவன் புது மந்திரவாதியோடு வந்தான். பெயர் சார்ஜர்.

அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. ஒரே ஒருமுறை, ஒரு நிமிடம், அந்த மேசை சிரிக்காமல் தன் கதையைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அரசவையில் ஆழிநங்கை அரியணையை விட்டு எழுந்து, "நாட்டைக் காக்க வந்த வீரனே, உன் பெயர் என்ன?" என்று கேட்கும் இடத்தை அவள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். அத்தான் பதில் சொன்னதும் தோழிக்குப் புரையேறியது. வெண்ணெய் திரண்டுவரும்போதெல்லாம் தாழி உடைந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"இவங்களுக்குப் போய் கதை சொல்றியே, உன்னைச் சொல்லணும்" என்றாள் அக்கா, துணிக்கு இஸ்திரி போட்டபடியே.

மிச்சமிருந்தது கயிற்றுப் பாலம் ஒன்றுதான். எதிரிப் படை துரத்த, யாராவது ஒருவர் பின்தங்கி நின்று கயிற்றை வெட்ட வேண்டும். வெட்டுகிறவர் பிழைப்பது அரிது. அந்த இடத்தில் கல்லும் கரையும் என்று நம்பியிருந்தாள். அப்புறமோ சார்ஜரோ நின்றால்கூடச் சமாளித்துவிடலாம்.

"தலையணை நிக்கிறான். நீங்க போங்க" என்றார் அத்தான்.

அவள் பகடையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். "நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சாச்சு. போங்கன்னா போங்க."

பகடை உருண்டு, பிழைக்கப் போதாத இரண்டில் நின்றது. கயிறு அறுந்தது. பாலத்தோடு அவனும் ஆற்றுக்குள் போனான்.

"தலையணை விழுந்தா சத்தமே வராதுல்ல?" என்றான் தம்பி.

பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "தலையணை."

தம்பி மேசையில் கவிழ்ந்து குலுங்கினான். தோழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் கூப்பிடத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு பெயருக்கு மட்டும் யாரும் எழுந்திருக்காத நேரங்கள் அவளுக்குத் தெரியும். மைக்கில் கூப்பிடும் அந்தக் குரல் தானாக வந்தது.

"தலையணை."

சிரிப்பு தேய்ந்தது. தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருந்தகத்தில் இருந்தபடி அந்தக் குரலைக் கேட்டிருப்பவள்.

"தலையணை."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மைக் அக்கா காத்திருந்த நிமிடம் வந்தேவிட்டது. தாளை எடுக்கக் கை நீட்டினாள்.

"இருக்கேன்" என்றார் அத்தான்.

"என்னது இருக்கேன்?"

"மூணாவது தடவை பதில் வந்தா டாக்டர் பார்த்தே ஆகணும்ல?"

"அத்தான், அது ஆஸ்பத்திரி!"

"இங்கயும் அதே சட்டம்னு நீதாம்மா சொன்ன."

"ஆமாக்கா, சொன்ன" என்றான் தம்பி.

"வேணும்னே கெடுக்கிறீங்க. ஒரே ஒரு தடவை எல்லாரும் வாயை மூடிட்டு இருந்தீங்க. அதுவும் பொறுக்கல!"

அத்தான் சிரிக்கவில்லை. தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். "சும்மா வெச்ச பேருதான். நீ அப்படிக் கூப்பிட்டதும் வாய்ல வந்துருச்சு. நான் என்ன பண்ண?"

அவளால் அதற்கு மேல் கத்தவும் முடியவில்லை. பேருந்தில் யோசித்த முடிவெல்லாம் ஆற்றோடு போயிற்று.

"பேரையாவது மாத்தித் தொலைங்க."

"மாத்திட்டா, இப்ப இருக்கேன்னு சொன்னது யாரு?"

பென்சிலை எடுத்து வரைபடத்தில் ஆற்றின் ஓரமாக ஒரு குடிசையை அழுத்தி வரைந்தாள். முனை உடைந்தது. கடுகடுவென்று கதையைத் தொடர்ந்தாள்.

"அந்தக் கரையில ஒரு கிழவி துணி துவைச்சிட்டு இருக்கா. தண்ணியில யாரோ மிதந்து வர்றதைப் பாக்குறா. இழுத்துக் கரையில போடுறா. அவன் கண்ணு முழிச்சதும் கேக்குறா, 'யாருப்பா நீ? உன் பேரு என்ன?'"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் மூன்று பேரும் வாயைத் திறந்திருந்தார்கள்.