சித்தப்பா செய்த இரண்டாவது ஏணி

கே.கே. நகரில் தினமும் நடைப்பயிற்சி போவதாக டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் நான் போவது வீட்டு வாசல் கேட்டுகளைப் பார்க்க. முறுக்குக் கம்பி வைத்த பழைய இரும்புக் கேட்டைக் கண்டால் கால் நின்றுவிடும். எல்லாம் சித்தப்பாவால் வந்தது.

அவர் திருப்பரங்குன்றத்தில் கேட்டு, கிரில் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார். எதையும் ஒற்றையாகச் செய்ய அவருக்கு வராது. கேட்டுக்கு இரண்டு கதவு. ஒன்றின் கம்பியை வலப்பக்கம் முறுக்கினால் மற்றதை இடப்பக்கம் முறுக்க வேண்டும். அப்போதுதான் மூடும்போது ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி நிற்கும். இந்தத் தொழில் தர்மத்தால்தான் உயிரியலுக்கே சோதனை வந்தது.

அக்கா அப்போது பத்தாவது. அடுத்த வருடம் சயின்ஸ் குரூப் எடுக்க அவளுக்கு ஆசை. காமர்ஸ் எடுக்க அப்பாவுக்கு ஆசை. அப்பா எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடுவார். பதில் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அவருக்குக் கிடையாது. "ஸ்கூல் கண்காட்சில மொதப் பரிசு வாங்கிக் காட்டு. அப்புறம் எந்தக் குரூப்பு வேணும்னாலும் எடு" என்று சொல்லிவிட்டார்.

அக்கா டி.என்.ஏ.வுக்கு மாதிரி வடிவம் செய்வதென்று முடிவெடுத்து, பாடப்புத்தகத்துப் படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினாள். முறுக்கிவிட்ட ஏணி. "இம்புட்டுத்தானா?" என்றார்.

கண்காட்சியன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கின, இரண்டு ஏணிகள். ஆளுயரம். ஒன்று வலமாகச் சுற்றி ஏறியது, மற்றது இடமாக.

"எதுக்கு சித்தப்பா ரெண்டு?"

"ஒத்தையா நின்னா நல்லாவாத்தா இருக்கும்? மேசைக்கு இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு. வாழமரம் கட்டுனாப்ல ஜம்முனு இருக்கும்ல?"

அக்காவுக்கு அழுகை முட்டியது. நம் உடம்பில் இருப்பது வலமாக மட்டுமே முறுக்கியிருக்கும், சாதாரணத் திருகாணி மாதிரி என்றாள். மூன்றாவது படித்த நான் குடும்பத்தின் அறிவியல் ஆலோசகராகப் பொறுப்பேற்று, தப்பான ஏணியைத் தலைகீழாக நிறுத்தினால் சரியாகிவிடும் என்றேன். அப்பாவும் சித்தப்பாவும் மூச்சு வாங்கப் புரட்டி நிறுத்தினார்கள். அதே தப்பு. நம்பிக்கை இழக்காமல் மறுபடியும் புரட்டினார்கள்.

"எப்படிப் புரட்டுனாலும் மாறாது. கண்ணாடியில பாத்தாத்தான் மாறும்" என்றாள் அக்கா.

"அப்ப சலூன்ல கேட்டு ஒரு கண்ணாடி வாங்கியாரட்டா?" என்றார் சித்தப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்குள் நடுவராக வந்த டீச்சர் மேசைக்கே வந்துவிட்டார். "இதுல எதும்மா சரி?"

"இது சரி மேடம். அது உயிர்கள்ல இல்லாதது."

வெள்ளைச்சட்டை போட்டு நின்ற சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. அக்கா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு இடது செருப்பில் வலது காலை நுழைத்துக் காட்டினாள். "பொருந்துதா மேடம்? மூலக்கூறும் இப்படித்தான். ரெண்டுலயும் அதே அணுக்கள்தான், ஆனா ஒண்ணு இருக்கிற எடத்துல அதோட கண்ணாடிப் பிம்பம் சேராது. நம்ம புரதத்துல இருக்கிற அமினோ அமிலமெல்லாம் இடக்கை மாதிரி. டி.என்.ஏ.வுல இருக்கிற சர்க்கரை வலக்கை மாதிரி. இத விளக்கத்தான் எங்க சித்தப்பா ரெண்டு செஞ்சு குடுத்தாங்க."

சித்தப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி, ரெண்டும் கலந்து இருக்க வேண்டியதுதான? உயிர் எதுக்கு ஒரு பக்கத்த மட்டும் எடுத்துச்சு?" என்றார் டீச்சர்.

பின்னால் அப்பா தொண்டையைச் செருமினார். பதில் தயார் என்று அர்த்தம்.

"தெரியாது மேடம்" என்றாள் அக்கா, தலையைக் குனியாமல். "யாருக்குமே இன்னும் உறுதியாத் தெரியலன்னு படிச்சேன்."

அப்பா வாயை மூடிக்கொண்டார். (விஞ்ஞானிகள் இன்றைக்கும் அதற்கு முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.)

முதல் பரிசு, புகை கக்கிய ஒரு களிமண் எரிமலைக்குப் போனது. அக்காவுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை.

திரும்பும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்தில் அப்பா, "சயின்ஸ் குரூப்பே எடுத்துக்கத்தா" என்றார்.

பரிசு அறிவித்ததை அவர் கவனிக்கவில்லை என்று எனக்குப் பட்டது. நேர்மை தலைக்கேறி, அவர் காதில் சொன்னேன்: "அப்பா, பரிசு எரிமலைக்குப் போயிருச்சு."

"பாத்தேன், பாத்தேன்" என்றார்.

அக்கா தலையைக் குனியாமல் "தெரியாது" என்றதை நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவள்தான். அன்றைக்கு என் கண்ணில் பட்டதெல்லாம் எரிமலை மட்டும்.