பாணும் பாலும்

சாந்தா அக்கா இறந்த செய்தி இன்று காலை என் செல்பேசிக்கு வந்தது. ரயிலில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். நான் முன்பு குடியிருந்த கோலியர்ஸ் வுட் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு அது. அந்தச் செய்திக்கு மேலே ஒரு புடவைத் தள்ளுபடிப் படம், கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அழுகை அப்புறம். சாவை இப்படியா சொல்வார்கள்? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆபீசுக்கு ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். காலையில் அவசரத்தில் கருக்கிய பாண் வாசனை சமையலறையில் இன்னும் இருந்தது. மலேசியாவில் நாங்கள் ரொட்டி என்போம். பாண் என்று சொல்ல ஆரம்பித்தது அக்கா வீட்டில்தான்.

நான் கிள்ளானிலிருந்து படிக்க வந்து, வேலையும் கிடைத்து, இங்கேயே ஒட்டிக்கொண்டவள். இரண்டாயிரங்களின் கடைசியில் அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். அறை என்றால் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றும். கட்டிலில் ஏறித்தான் கதவைச் சாத்த வேண்டும். பக்கத்து விம்பிள்டனில் ஒரு கணக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. அக்காவின் கணவர் சிவம் அண்ணைக்கு ஹவுன்ஸ்லோ பக்கம், விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தயாரிக்கும் கிச்சனில் ஷிப்ட். விடியுமுன் போய்விடுவார். திரும்பி வரும்போது அவர் கோட்டுப் பையில் குட்டிக் குட்டி வெண்ணெய்க் கட்டிகள் இருக்கும். மகள் அபி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பேச்சு எல்லாம் ஆங்கிலம், அம்மா, அக்கா என்ற சொற்கள் மட்டும் தமிழில் வரும். நான் எங்கள் ஊர் இறால் விழுதான பெலாசானைப் போட்டுச் சம்பல் இடித்தால் சாந்தா அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைப்பார், அது எந்தக் குளிராக இருந்தாலும் சரி. சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சம்பலை அதிகம் தொட்டுக்கொள்வதும் அவர்தான்.

அக்காவுக்கு ஒரே தம்பி. வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு பேசிவிட்டுத்தான் அக்கா சமைக்கத் தொடங்குவார். சண்டை இறுகிய பிறகு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. கடைசியாகப் பேசியபோது, கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு கிழக்கே நடக்கிறோம் என்றானாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வீடே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. டிவி சத்தமில்லாமல் ஓடும். வாசல் கதவின் துவாரத்தில் தபால் விழும் சத்தத்துக்கு அக்கா அசைய மாட்டார். அது பழகிய சத்தம். ஆனால் கேட்டைத் திறந்து யாராவது நடந்து வந்தால் அடுப்படியில் கரண்டி நின்றுவிடும். எனக்கு அது முதலில் புரியவில்லை. போன் அடித்தால் அல்லவா பயப்பட வேண்டும், இவர் ஏன் கதவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு அந்தப் பெரிய பனி கொட்டியது. பஸ் எல்லாம் நின்றுபோக, நான் வீம்புக்கு விம்பிள்டன் வரை நடந்தே போனேன். அங்கே போனால், ஏன் வந்தாய் என்பது போல் மேனேஜர் பார்த்தார். மத்தியானத்துக்கு முன்பே ஆபீசை மூடிவிட்டார்கள். செல்பேசியில் சார்ஜ் இல்லை. கடைகளில் சாமான் தீர்ந்துகொண்டிருந்ததால், நல்ல பிள்ளையாகப் பாணும் பாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சாவி கைப்பையின் அடியில் எங்கோ கிடந்தது. இரண்டு கையிலும் பைகள். மணியை முழங்கையால் அழுத்தினேன்.

உள்ளே குக்கர் சத்தம் நின்றது. மங்கலான கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் உருவம் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டது.

"ஆரெண்டாலும் ஒரு நிமிசம் நில்லுங்கோ."

நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தோளில் பனி விழுந்துகொண்டிருந்தது. கதவு திறந்தபோது அக்கா தலையை வாரிக் கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பாணைத்தான் பார்த்தார்.

"சொல்லு பிள்ளை."

"ஆபீஸ் மூடிட்டாங்க அக்கா. பனி."

அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பிறகு தேநீர் குடிக்கும்போதுதான் விளக்கினார். அவர்கள் ஊராரிடையே சாவை யாரும் போனில் நேரே சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் யாருக்காவது முதலில் சொல்வார்கள். அவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, கதவைத் தட்டி, நேரில் சொல்ல வேண்டும். சொல்லும்போது விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் வருகிறவர் பாணும் பாலும் கொண்டுவருவார். நான் வேலைநாள் மத்தியானத்தில், சொல்லாமல் கொள்ளாமல், அதையே ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இனிமேல் நேரத்தோடை வெளிக்கிட்டால் ஒரு போன் எடு," என்றார். "சும்மா வாறன் எண்டு மட்டும் சொல்லு. அதுவே காணும்."

அன்றிலிருந்து பல்வலி, ஜலதோஷம், ரயில் ஸ்டிரைக் எதற்கு முன்கூட்டிக் கிளம்பினாலும் போன் செய்துவிடுவேன். "சும்மா வர்றேன் அக்கா" என்பேன். "ஓம், வா" என்பார். அந்த ஓமில் ஒரு மூச்சு வெளியே வரும். நாளாக ஆக அந்த மூச்சுக்காகவே போன் செய்தேன்.

மே மாதத்தில் ஒரு நாள் ஆபீசுக்கு எனக்கு அழைப்பு வந்தது. தோர்ண்டன் ஹீத்தில் கடை வைத்திருந்த ராசன் அண்ணை, அக்காவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் குரலைக் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டேன்.

"பிள்ளை, தம்பியின்ரை விசயம் முடிஞ்சுது," என்றார். "சிவத்துக்குச் சொல்லிப்போட்டன், அவன் வந்து சேர நேரமெடுக்கும். நானும் வெளிக்கிடுறன். நீதான் கிட்ட நிக்கிறாய். போனிலை சொல்லிப்போடாதை."

பஸ்ஸில் ஏறினேன். வெளியே நல்ல வெயில். மக்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. தெருமுனைக் கடையில் பாணும் பாலும் வாங்கினேன். அக்காவின் எண் செல்பேசித் திரையில் இருந்தது. அழைத்தால், ஓம் வா என்பார். அந்த மூச்சை விடுவார். எனக்கும் சேர்த்து அரிசி போடுவார். அப்படி ஒரு பொய்யை அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. செல்பேசியைப் பைக்குள் போட்டேன். அழைக்காமல் போவதே செய்தியைச் சொல்லிவிடும் என்பது எனக்குத் தெரியும். சாவி கையிலேயே இருந்தது, இருந்தும் மணியை அழுத்தினேன்.

உள்ளே கரண்டி நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம். அக்கா வந்து கண்ணாடிக்கு அப்பால் நின்றார்.

"ஒரு நிமிசம்," என்றார்.

அந்த நிமிடம் எவ்வளவு நீண்டாலும் நின்றிருப்பேன். கதவு திறந்தது. பாணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ போன் எடுக்கேல்லை," என்றார்.

விழுந்தார். பிடித்துக்கொண்டேன். பாலும் பாணும் வாசலிலேயே கிடந்தன.

கொஞ்ச காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. அக்கா குடும்பம் ஹவுன்ஸ்லோ பக்கம் குடிபோய்விட்டது. அந்தக் கோலியர்ஸ் வுட் வீட்டுக் கதவில் இப்போது கேமரா மணி. யார் நிற்கிறார்கள் என்பது செல்பேசியிலேயே தெரிந்துவிடும், ஒரு நிமிடம் நில் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் மட்டும் இன்னும் வீட்டுக்குச் சீக்கிரம் கிளம்பினால் கணவருக்கு போன் செய்து, சும்மாதான் வர்றேன் என்கிறேன். அவர் கேலி செய்வார்.

இன்று பகல் முழுக்க முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். செய்தி தெரிந்த பிறகு யார் வந்து சொல்லப் போகிறார்கள்? ஆனாலும் அடுப்பை மூட்டவில்லை. மத்தியானம் ஒரு முறை கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து, தலையை வாரிக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பார்சலை என் வாசலில் வைத்துவிட்டு ஒருவர் வேனுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் நானே கடைக்குப் போய்ப் பாணும் பாலும் வாங்கி வந்தேன்.