அத்தையும் கன்னிமூலைப் பிள்ளையாரும்

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் எங்கள் மாமாவுக்கு அறுவடை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நிற்கும் வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி, தென்காசிக்கு வெளியே மனை பார்க்க அழைத்துவருவார். மேலே சாரல், எதிரே மலை. அந்த நேரத்தில் முள்ளுக்காட்டைக் காட்டினாலும் வாங்கிவிடுவார்கள். சித்திரை வெயிலில் அவர் ஒருவருக்கும் மனை காட்டியதில்லை.

அவருடைய மனைவி, அதாவது என் அப்பாவின் தங்கை, பேரூராட்சியில் மெம்பர். மாமா மனைகளை விற்பார். அங்கே குடிவரப்போகிறவர்களைப் பற்றி அத்தை கவலைப்படுவாள். எங்கள் தெருவை ஒட்டிய வயல்கள் நகராக மாறியபோது வீட்டில் நடந்த சண்டையை எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நாத்து பாவுததுக்கு முன்ன தண்ணி எங்கனருந்து வரும்னு பாக்கோம்லா? இத்தன வீடு வந்தா பிள்ளைய வரும். அதுக எங்கன படிக்கும்?" என்று கேட்டு, மாமா கண் வைத்திருந்த நடு இடத்தையே பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கவைத்துவிட்டாள். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. 'பள்ளிக்கூடம் பக்கத்திலேயே' என்று நோட்டீஸ் அடித்து மற்ற மனைகளுக்கு விலையை ஏற்றிவிட்டார்.

வீடுகள் வந்தன, பள்ளிக்கூடம் வரவில்லை. நான் மூன்றாம் வகுப்புப் படித்த பழைய பள்ளியில் இரண்டே அறைகள். நகர்ப் பிள்ளைகள் வந்து சேரச் சேர எங்கள் வகுப்பு வராந்தாவுக்குத் தள்ளப்பட்டது. சாரல் சாய்ந்து அடித்தால் பையை மடியில் கவிழ்த்துக்கொண்டு சுவரோடு ஒண்டுவோம். பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் எங்கள் பாட்டும் ஒன்றாகக் கலந்து, டீச்சருக்கே சிரிப்பு வந்துவிடும். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் தென்காசிக்கு அனுப்பினார்கள். அத்தை சளைக்காமல் மனு கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கட்டடம் தருகிறோம், இடத்தைப் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது. இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதற்குள் பிள்ளையார் வந்துவிட்டார். புது நகர் என்றால் பொது இடத்தில் ஒரு பிள்ளையார் இல்லாமலா? நகர் சங்கத்துத் தலைவரான இரும்புக்கடை அண்ணாச்சி, கல்சிற்பிகள் இருக்கும் மயிலாடியில் சொல்லி அழகான சிலை செய்து லாரியில் இறக்கினார். பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கிய அந்த மைதானத்தின் நட்டநடுவே பீடத்துக்குச் சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. பிள்ளையார் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கலெக்டரே வந்தாலும் எழுப்ப முடியாது. பிறகு மண்டபம் வரும், சுற்றுச்சுவர் வரும். 'ஊரோட ஒத்துப் போ' என்று மாமா அத்தையிடம் சொல்லிவிட்டார்.

அத்தை போடப்போகும் சண்டையைப் பார்க்க நானும் கூடவே ஓடினேன். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டு, சிலைக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டாள். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

"அண்ணாச்சி, மூஞ்சி என்ன களை! எங்கன வைக்கப் போறீய?"

"நடுவுலதான் மெம்பரம்மா. எல்லாருக்கும் பொதுவா இருக்கும்லா?"

"பெரிய கோயில்ல பிள்ளையார் எங்கன இருக்காரு?"

அண்ணாச்சி யோசித்தார். "கன்னிமூலையில."

"அங்க அப்பன் சிவனே அவர அந்த மூலையிலதான வச்சிருக்காரு? நாம நடுவுல இருத்தி, நாளைக்கு ஒரு வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா யார கேப்பாவ?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் சுண்ணாம்புக் கோடு அழிந்தது. மைதானத்தின் தென்மேற்கு மூலையில் புதுக்கோடு விழுந்தது. பிறகு வந்த அதிகாரிகள் அந்த மூலையைக் கும்பிட்டுவிட்டு மீதி இடத்தை அளந்துகொண்டு போனார்கள். ஐந்தாம் வகுப்பை நான் சாரல் படாத அறையில் படித்தேன். அத்தையைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் இதுவரை கண்டதில்லை.

இதெல்லாம் பிறகு புரிந்ததுதான். பள்ளிக்கூடம் பற்றி அன்று அவள் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அது பிள்ளையாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கும் சண்டையாகியிருக்கும். அதில் யார் ஜெயிப்பார் என்று கேட்கவே வேண்டாம். அன்றைக்கு எனக்கோ, அத்தை பயந்துபோய் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அழுகையே வந்தது. கொழுக்கட்டை கொடுத்தார்கள். என் பங்கை அப்படியே அவள் கையில் வைத்தேன்.

"ஏட்டி, எனக்கு எதுக்கு?"

"பரவால்ல அத்த, அடுத்த தடவ ஜெயிச்சிரலாம்."

அண்ணாச்சி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டு, தோற்றுப்போனவளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு தின்றாள்.