கோச்சியில் ஒளித்த பத்து மீன்கள்

எட்டு வயதில் நான் ஒருமுறை கொழும்புக்குப் போகும் ரயிலைக் கொடி காட்டி அனுப்பியிருக்கிறேன். அந்த ரயில் குருநகரில் எங்கள் பாடசாலையின் ஐந்தாம் வகுப்பு அறையை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை என்பது உண்மைதான். ஆனால் கொடி பச்சைக் கொடி, விசில் ரயில்வே விசில், நான் கார்ட். இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அப்போது யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்று மூன்று வருடமாகியிருந்தது. பெரிய மாமா, அதாவது அம்மாவின் தமையன், ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். ரயில் நின்றபின் அவரிடம் மிஞ்சியவை ஒரு நீலக் கோட்டு, ஒரு விசில், ஒரு பச்சைக் கொடி, ரிக்கற்றில் ஓட்டை போடும் குறடு ஒன்று. அந்த வருடம் கோயில் பெருநாளையொட்டிப் பாடசாலையில் களியாட்ட விழா நடத்தலாமென்று பங்குச் சுவாமியார் சொன்னார். வளையம் எறிதல், பானை உடைத்தல் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மாமா மட்டும் எழுந்து, "நான் கோச்சி விடுறன் சுவாமி" என்றார். எங்கள் பக்கத்தில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பேச்சு. சுவாமியார் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

கோதுமை மாப் பைகளைப் பிரித்துத் தைத்து நீண்ட சீலையாக்கி, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக் கோட்டை வரைக்குமான ஊர்களை அதில் வரைந்தார். சீலையை இரண்டு உருளைகளில் சுற்றி, ஒன்றைச் சைக்கிள் பெடலோடு பொருத்தினார். வகுப்பறைக்கு நடுவே பலகைச் சுவர், அதில் ஆறு ஜன்னல்கள், ஜன்னலோரம் ஆட்கள் அமர வாங்குகள். சுவருக்குப் பின்னால் மாமா மிதிக்க மிதிக்க ஜன்னலுக்கு வெளியே ஊர்கள் ஓடும். வாங்குகளைக் குலுக்க உதைபந்தாட்டக் குழுவிலிருந்து இரண்டு பேர். வானம் வருகிற இடங்களில் மாப் பையின் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. கேட்டவர்களுக்கு அவை மேகம் என்று மாமா கூசாமல் சொன்னார்.

ஆனால் அவருடைய கெட்டித்தனம் முழுவதும் கோச்சிக்குள் இருக்கவில்லை. ஏறுவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் தாழ்வாரத்தை அப்படியே ஸ்டேஷனாக்கிவிட்டார். ஊர்ப்பெயர்ப் பலகை, அட்டையில் மணிக்கூடு, மண் நிரப்பிய சிவப்பு வாளி எல்லாம் இருந்தன. நாங்கள் தினமும் கேட்கிற பாடசாலை மணி ஒரு தண்டவாளத் துண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாசலில் எங்கிருந்தோ கொண்டுவந்த இரண்டு சிலிப்பர் கட்டைகளை, தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பவற்றை, போட்டிருந்தார். எங்கள் வீட்டு வளவிலும் அதே மாதிரிக் கட்டைகள் இருந்தன, பதுங்குகுழிக்கு மேலே.

"மாமா, பங்கர்க் கட்டையை ஏன் கோச்சிக்குக் கீழை போட்டிருக்கிறியள்?" என்று நான் கேட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பங்கரைப் பற்றி எனக்குத் தெரியாததா இவர்களுக்குத் தெரிந்துவிடும்?

வரிசையில் நின்ற பெரியவர்களும் அன்று ஒரு மாதிரித்தான் இருந்தார்கள். ஒருவர் உண்மையாகவே சூட்கேசோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டு மாமி இடியப்பப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து, மாகோ சந்திக்கு முன்னால் அவிழ்க்கக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டினார். ஐந்து நிமிடப் பயணத்துக்கு இவ்வளவு ஆரவாரம்.

சிறுபிள்ளைகளுக்கு மாமா ஒரு போட்டி வைத்திருந்தார். ஸ்டேஷனிலும் கோச்சியிலுமாகப் பத்து மீன்களை ஒளித்து வரைந்திருக்கிறார். பத்தையும் முதலில் கண்டுபிடிப்பவர்தான் கடைசிக் கோச்சிக்குக் கார்ட். விசிலும் ஊதலாம், கொடியும் காட்டலாம். மாமாவின் நீலக் கோட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போட்டிக்கு எனக்கு எதிராளி மாமாவின் மகன். அவன் வீட்டிலேயே மாமா படம் வரைந்ததால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் பயந்தேன். ஆனால் மாமா அவனைப் பெருநாள் வரைக்கும் படம் வரைந்த அறைப்பக்கமே விடவில்லையாம்.

முதல் மீன் பெயர்ப் பலகையில் இருந்தது. யாழ்ப்பாணம் என்ற பெயரில் ழகரத்தின் சுழி மீனாக வளைந்திருந்தது. மணிக்கூட்டின் சின்ன முள் இன்னொன்று. கொடிகாமத்தில் தென்னோலைக்குள் ஒன்று, ஆனையிறவில் உப்புக் குவியலின் நிழலில் ஒன்று. அனுராதபுரத்துக் குளத்தில் இரண்டு தரம் தேடி ஏமாந்தோம். மீன் குளத்தில் இல்லை, குளக்கரை மாட்டின் வாலில் இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குள் எனக்கும் மாமாவின் மகனுக்கும் ஒன்பது, ஒன்பது. பத்தாவது மட்டும் இருவருக்கும் தண்ணி காட்டியது.

அப்போதுதான் மூன்றாவது எதிராளி ஒருவர் இருப்பதைக் கண்டேன். சித்தி.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் சித்தப்பா கொழும்பில் கடை வேலைக்குத் திரும்பிப் போனார். கோச்சி நின்றது அடுத்த மாதம். கடிதம் வந்தால் இரண்டு மாதப் பழசாக வரும். எனக்கு அவருடைய முகமே நினைவில்லை. கல்யாணப் படத்தில் பூமாலைக்கு மேலே ஒரு மீசை தெரியும், அவ்வளவுதான்.

அந்தச் சித்தி காலையிலிருந்து ஐந்து தரம் ஏறிவிட்டார். ஒவ்வொரு தரமும் கடைசி ஜன்னல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, சித்தியும் கொடிக்குத்தான் ஏறுறா. பெரியாக்கள் சேரக்கூடாதெண்டு மாமா சொன்னவர்தானே?"

"சும்மா இரு பிள்ளை. அவ ஏறட்டும்."

இதைத்தான் ஓரவஞ்சனை என்பது.

இன்னொன்றையும் கவனித்தேன். சித்தி ஏறுகிற கோச்சி மட்டும் கொழும்புக் கோட்டைக்கு வந்ததும் நின்றுவிடும். "செயின் கழண்டிட்டுது! எல்லாரும் இருங்கோ!" என்று பின்னாலிருந்து மாமாவின் குரல் வரும். மற்றவர்கள் ஏறினால் கழலாத செயின் சித்தி ஏறினால் கழல்கிறது. சித்தியின் பாரம் கூடிப்போயிற்றாக்கும் என்று நினைத்தேன்.

ஆறாவது தரம் சித்தியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு நானும் இருந்தேன். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பதுபோல, ஜன்னலைப் பாராமல் சித்தியின் கண் போகிற இடத்தையே பார்த்தேன். கிளிநொச்சி போயிற்று, வவுனியா போயிற்று, சித்தி அசையவில்லை. கோட்டை வந்தது. செயின் கழன்றது. சித்தியின் கண் மேடையில் நின்ற ஒரு மனிதரில் போய் நின்றது.

அந்த ஆளை எனக்கும் முன்பே தெரியும். ஒற்றைக் காலில் நின்று, மற்றப் பாதத்தால் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மாமாவுக்கு இரண்டாவது கால் ஒழுங்காக வரைய வரவில்லை என்று நானும் மாமாவின் மகனும் முடிவுகட்டியிருந்தோம். இப்போதுதான் அவருடைய கக்கத்தைப் பார்த்தேன். பேப்பரில் சுற்றிய பொதி. பொதியின் மூலையில் ஒரு வால்.

"பத்தாவது மீன்! ஒற்றைக்கால் ஆளிட்டை இருக்கு!"

கோச்சியே அதிரக் கத்தினேன். சித்தி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோற்றுப்போனது அவருக்குத் தாங்கவில்லை என்று எனக்குப் பாவமாகிவிட்டது.

"அழாதேங்கோ சித்தி, உங்களுக்கும் ஒருக்கா விசில் ஊதத் தாறன்."

அதற்குள் மாமாவின் மகன் சண்டைக்கு வந்துவிட்டான். "அது மீனில்லை, கருவாடு! கருவாடு கணக்கிலை சேராது!"

மாமா வியர்வையைத் துடைத்தபடி சீலைக்குப் பின்னாலிருந்து வந்தார். "கருவாடும் கடலிலை நீந்தினதுதானேடா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் நீலக் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டார். அது கணுக்கால் வரை தொங்கியது. விசிலைக் கழுத்தில் மாட்டும்போது சொன்னார்: "கேள் பிள்ளை. கார்ட் கொடி காட்டினால் கோச்சி நிக்கேலாது. கார்ட் சொல்லை நானும் கேக்க வேணும், ஆரெண்டாலும் கேக்க வேணும்."

அந்த வார்த்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசிக் கோச்சியில் வாங்கெல்லாம் நிரம்பி வழிந்தன. சூட்கேஸ்காரர் மறுபடி ஏறினார். சித்தி அதே கடைசி ஜன்னலில். நான் வாசலில் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, யாழ்ப்பாணத்தில் விசில் ஊதி, ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, ஒவ்வொரு ஊரிலும் அனுப்பினேன். அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்த உத்தியோகத்திலும் நான் கண்டதில்லை. கோட்டை வந்தது. வழக்கம்போலச் செயின் கழன்றது.

நான் பொறுத்துப் பார்த்தேன். பத்து வரை எண்ணினேன். கார்ட் ஒருவர் இருக்கும்போது கோச்சி சும்மா நிற்பது எனக்கு அவமானமாகப் பட்டது. விசிலை ஊதிக் கொடியை ஆட்டினேன்.

"பொறு பிள்ளை, செயின்..." என்றார் மாமா பின்னாலிருந்து.

"ஏலாது! நேரம் போட்டுது!" என்று மறுபடி ஊதினேன்.

சீலைக்குப் பின்னால் பெடல் கிறீச்சிட்டது. மேடையும் ஒற்றைக்கால் மனிதரும் மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். அப்போது சித்தி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். நானும் விடாமல் கொடியை ஆட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கும்போது சித்தி என்னைக் கோட்டோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து, "நல்ல கார்ட்" என்றார். விசில் ஊதத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வருடம் கிளாலிக் கடலால் வள்ளத்தில் சித்தப்பா வந்து சேர்ந்தார். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. சித்தி சமையலறைக்கும் வாசலுக்குமாக எத்தனை தரம் நடந்தார் என்று கணக்கில்லை. சித்தப்பா கிணற்றடியில் நின்று அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். கதைத்தபடியே ஒரு பாதத்தைத் தூக்கி மற்றக் கெண்டைக்காலில் தேய்த்தார். நான் அதைப் பார்த்தேன். மாமா வரைந்த ஆளைப்போல இவருக்கும் ஒழுங்காக நிற்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

அன்று சித்தி கை காட்டியது எனக்குத்தான் என்று பிறகும் பல வருடங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தி ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.