மறைக்குது, நகருங்க

கொரோனா இரண்டாம் அலையின்போது புத்தூரில் என் ஸ்டூடியோவுக்குக் கிடைத்த ஒரே வேலை, கல்யாணங்களை செல்போன் வழியாக லைவ் காட்டுவதுதான். அப்படித்தான் நகரியில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா திருப்பதியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். அவர் பார்ப்பதற்காகவே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“மறைக்குதும்மா, நகருங்க.”

“ஆமா தம்பி, அவரு பாக்கட்டும்” என்று என் முதுகுக்குப் பின்னால் போனவர், கடைசிவரை அங்கேயே நின்றார்.

அப்போது தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுத்தால் லைவ் நின்றுவிடும் என்று கட் செய்துகொண்டே இருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் அந்த நம்பருக்குப் போட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் பேசினார்.

“பெரியவரு அவரு போன்ல கல்யாணம் பாத்துக்கினு, என் போன்ல உங்களக் கூப்டாரு. பொண்டாட்டிய ஒருவாட்டி காட்டச் சொல்லணும்னாரு. நீங்க கட் பண்ணிக்கினே இருந்தீங்க. இப்பதான் மூச்சு முட்டி, ஐசியூவுக்குத் தூக்கிக்கினு போனாங்க.”

அவர் வீடு திரும்பவில்லை.

பிறகு பார்த்தபோது அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அவருக்கு நல்லா தெரிஞ்சுதா தம்பி?”

“தெரிஞ்சுதும்மா” என்றேன்.

இப்போது கேமராவுக்குக் குறுக்கே யார் வந்து நின்றாலும் நான் நகரச் சொல்வதில்லை. படம் கெட்டால் கெட்டுப் போகட்டும்.